மாப்பிள்ளையின் தாய்ப்பக்கம்

என் தங்கை வீட்டுக்காரரை ஒருநாளாவது மனசாரத் திட்டிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை இருந்தது. மாப்பிள்ளை ஆகிவிட்டார், முடியவில்லை. எங்கள் பக்கம் மாப்பிள்ளை தப்பே செய்திருந்தாலும் முதலில் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுத்தான் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்க முடியும். துடைத்து முடிப்பதற்குள் பாதிக் கோபம் போய்விடும். மீதியைக் காப்பி வந்து கெடுத்துவிடும்.

அவர்கள் ஓசூர்ப் பக்கம் குடிபோய் வருஷங்கள் ஆகின்றன. இப்போதும் அவரிடமிருந்து போன் வரும். வந்தால் இப்படித்தான் இருக்கும்: "வணக்கம் மச்சான். நல்லா இருக்கீகளா? வீட்டுல எல்லாரும் சுகந்தான?" பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். நடுவில் ஒரே ஒரு விஷயம் சொல்வார். உடனே, "வேற ஒண்ணும் இல்லை. உடம்பப் பாத்துக்கிடுங்க. வச்சிடுறேன்." அவ்வளவுதான். பத்து வருஷமாக முன்னும் பின்னும் ஒரு எழுத்து மாறியதில்லை.

ஒரு தடவை நான் பைக்கில் வழுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். கேள்விப்பட்டுக் கூப்பிட்டார்.

"வணக்கம் மச்சான். நல்லா இருக்கீகளா?"

"கால் ஒடிஞ்சு கிடக்கேன் மாப்பிள்ளை."

"வீட்டுல எல்லாரும் சுகந்தான? உங்களுக்குக் கால் ஒடிஞ்சிட்டதாக் கேள்விப்பட்டேன். வேற ஒண்ணும் இல்லை. உடம்பப் பாத்துக்கிடுங்க. வச்சிடுறேன்."

போனைக் கட்டிலில் எறிந்தேன். நான் வீடு திரும்பிய அன்று ஒரு ஊன்றுகோலோடு வந்து நின்றார். எனக்கென்றே தச்சாசாரியிடம் சொல்லிச் செய்தது. என் உயரத்துக்குக் கச்சிதமாக இருந்தது. எப்படி அளவு தெரிந்தது என்று கேட்டேன். "எங்க கல்யாண போட்டோவுல நீங்க மண்டபத்துக் கதவு பக்கத்துல நிக்கீக. கதவப் போய் அளந்துட்டு வந்து கணக்குப் போட்டேன்" என்றார். இந்த மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். ஆனால் அவருடைய இந்தக் குணத்தாலேயே என் தங்கை மூன்று மாதக் கைக்குழந்தையோடு, இனி புருஷன் வீட்டுக்குப் போகவே மாட்டேன் என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்ட ஒரு வாரமும் இருந்தது. அந்த வாரம் எங்களில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் அவருடைய தொழிலைச் சொல்ல வேண்டும்.

ராஜபாளையத்தில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் அவர் வேலை பார்த்த கம்பெனி இருந்தது. மில், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று சுற்றுவட்டாரத்தில் யாருக்கு வலைத்தளம் வேண்டுமானாலும் அங்கே ஜாவாவில் செய்து கொடுப்பார்கள். நான் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருக்கும் பேண்டேஜ் துணி பேக்டரிக்கும் அவர்தான் செய்தார்; சிபாரிசு நான். எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில். அதனால் சாயங்காலம் பஸ் வரும் வரை அவருடைய மாடியில் போய் உட்கார்ந்திருப்பேன்.

அவருடைய வேலை என்ன என்று எனக்கு ஒரே ஒரு தடவை விளக்கினார். இரண்டாம் தடவை கேட்டபோது, "முன்னாலயே சொல்லிட்டேனே மச்சான், ஒரு செவ்வாக்கிழமை" என்றார். நான் மறந்து கேட்கவில்லை. வேறு மாதிரி சொல்வாரோ என்று பார்த்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சொன்னது இதுதான். ஒரு தளத்தில் நூறு பக்கம் இருந்தாலும் மேலே கம்பெனி பேரும் பக்கவாட்டில் மெனுவும் கீழே விலாசமும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதை நூறு தடவை எழுதுகிறவன் மடையன். ஒரே ஒரு பக்கத்தில் எழுதி, நடுவில் மட்டும் காலியிடம் விட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அது தாய்ப்பக்கம். மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள். பிள்ளை உண்டாகும்போதே தலையும் காலும் தாயிடமிருந்து வந்துவிடும். நடுவில் வேண்டியதை மட்டும் பிள்ளை கொண்டுவந்தால் போதும். மெனு ஒரு துண்டு, தேதி ஒரு துண்டு, படம் ஒரு துண்டு. துண்டுகளைச் செய்து வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமோ அங்கே மாட்டிக்கொள்ளலாம்.

"பிள்ளை ஒரு துண்டக் கொண்டுவர மறந்துட்டா?" என்று கேட்டேன்.

"தாய்கிட்ட இருக்கறத எடுத்துப் போட்டுக்கிடும் மச்சான்."

எங்கள் முதலாளி டெலிபோன் நம்பரை மாற்றியபோது, அதை மாற்றிக் காட்டுவதற்கென்றே பேக்டரிக்கு நேரில் வந்தார். மடிக்கணினியில் ஒரே இடத்தில் ஒரு எண்ணைத் திருத்தினார். தளத்தில் இருந்த அத்தனை பக்கத்திலும் நம்பர் மாறியிருந்தது. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து எங்களுக்குக் காட்டினார். முதலாளி மூன்றாவது பக்கத்திலேயே எழுந்து போய்விட்டார். இவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, அவருக்குப் பிள்ளை பிறந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை.

தொழிலோடு விட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? மனிதர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். அவருடைய கல்யாணத்துக்கு வாசலில் கட்டிய பிளெக்ஸ் பேனரில் மேலே 'நல்வரவு', கீழே 'தங்கள் அன்புள்ள' என்று மட்டும் அச்சாகியிருந்தது. நடுவில் வெள்ளை. அதில் மணமக்கள் பேரைத் தாளில் எழுதி ஒட்டியிருந்தார். நாளைக்கு வளைகாப்பு, காதுகுத்து என்று வந்தால் தாளை மட்டும் மாற்றினால் போதுமாம். முகூர்த்த நேரத்தில் அடித்த காற்றில் தாள் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. வந்த சனமெல்லாம் எதற்கு நல்வரவு என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தது. வளைகாப்புக்கும் அதே பேனர் வந்தது, பழைய பசைக் கறையோடு.

சொந்தக்காரர்களுக்கு அவர் தொழில் பிடிபடவே இல்லை. லேஅவுட் போடுகிறார் என்று யாரோ சொல்ல, வன்னியம்பட்டிச் சித்தப்பா ஒருநாள் பந்தியில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நம்ம பக்கம் ரெண்டு சென்ட் இடம் கிடைக்குமா மாப்பிள்ளை?" என்று காதோரம் கேட்டார். இவர் சிரிக்கக்கூட இல்லை. "நடுவுல காலியாத்தான் இருக்கு. ஆனா குடியிருக்க ஏலாது" என்றார். சித்தப்பா அதைக் கோயில் நிலம் என்று எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவரை என் தங்கை எப்படிச் சம்மதித்தாள் என்றால், பெண் பார்க்க வந்த அன்று இவர் எதுவுமே பேசவில்லை. அதற்கு முன்னால் வந்தவர்களெல்லாம் சமைப்பியா, வேலைக்குப் போவியா என்று ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனவர்கள். "இவுக ஒண்ணும் கேக்கலைண்ணே. நான் காப்பி குடுத்தப்போ இவுக கை நடுங்குச்சு. எனக்கு இவுகதான்" என்றாள். பேசாத ஆள் நல்ல ஆள் என்று நாங்களும் நினைத்தோம்.

இனி அந்த வாரம்.

தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின திங்கட்கிழமை காலையில் மாப்பிள்ளையுடைய முதலாளியின் தாயார் காலமானார். முதலாளி அழுதுகொண்டே போனில் சொல்லியிருக்கிறார்: கம்பெனி தளத்தில் ஒரு அஞ்சலிப் பக்கம் போட்டு, வாடிக்கையாளர் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள், அம்மா படம் பிறகு அனுப்புகிறேன். துக்கத்தில் அவர் படம் அனுப்ப மறந்துவிட்டார். இவர் பேர், வயது, தகனம் செய்யும் நேரம் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் படத்தை மறந்துவிட்டார்.

பிள்ளை படத்தைக் கொண்டுவரவில்லை. ஆகவே தாய்ப்பக்கத்தில் இருந்த படத்தை எடுத்துப் போட்டுக்கொண்டது. தாய்ப்பக்கத்தில் என்ன படம் இருந்தது? பக்கத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காக எப்போதோ அவர் போட்டு வைத்த ஒரு படம். என் அம்மாவின் படம். அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று இறந்தவர். அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வருகிறது. உயிரோடு இருக்கிறாள் என்று வருஷா வருஷம் சான்று கொடுக்க வேண்டும். அதற்காக மாப்பிள்ளைதான் அம்மாவைச் சுவரோரம் நிறுத்தி எடுத்த படம் அது. நெற்றியில் திருநீறும் லேசான சிரிப்புமாக நன்றாக விழுந்திருந்தது.

பேக்டரியில் பதினோரு மணி இருக்கும். பேக்கிங் செக்ஷனில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, மொதல்ல உக்காருங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். 'கண்ணீர் அஞ்சலி' என்று கறுப்பில். அதற்குக் கீழே என் அம்மா. அதற்கும் கீழே சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது: 'உங்கள் வருகை எங்கள் பாக்கியம். மீண்டும் வருக.'

அந்தப் பக்கத்திலேயே வேறொரு அம்மாளின் பேர் கொட்டை எழுத்தில் இருந்திருக்கிறது. பேரை யார் படிக்கிறார்கள்? படத்தைப் பார்த்ததும் தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதம் மேசை மேலே இருக்கிறது. வீட்டுக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. தங்கைக்குப் போட்டால் அதுவும் இல்லை. எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது எனக்கு அழைப்பு வந்தது. அம்மாதான்.

"ஏலே, நான் செத்துப்போயிட்டேன்னு சொல்லுதாக. ஒனக்கு எதும் சேதி வந்துச்சா?"

நான் துணி மூட்டை மேலே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதுவிட்டேன். அம்மா போனுக்குள்ளே, "ஏலே, நான் பேசிட்டுத்தான இருக்கேன், எதுக்கு அழுத?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

வீடு போய்ச் சேர்ந்தபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரோஜா மாலைகள் குவிந்து கிடந்தன. இரண்டு பெண்கள் அவள் கையைப் பிடித்து அழ, அம்மா அவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். செட்டியார்பட்டியில் இருக்கும் என் தாய்மாமன், ஏதோ ஒரு விசேஷத்தில் சரியாகக் கவனிக்கவில்லை என்று நாலு வருஷமாக அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவர், பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தார். அம்மா காப்பி குடிப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"உசுரோட இருந்துக்கிட்டு இப்படியாக்கா செய்வ?" என்றார்.

அம்மா சேலையை வாங்கிப் பிரித்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "கடைசியா எடுக்கற சேலை. இம்புட்டு மட்டமாவா எடுப்ப?" என்றாள். பிறகு அவரை உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். இரண்டு பேரும் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு மாப்பிள்ளை மேல் துளிக்கூடக் கோபம் இல்லை. யார் யார் வந்தார்கள், யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு நெசமாவே போனா இவ வரவா போறா?" என்று அந்த அம்மாளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

தங்கையும் பகலெல்லாம் எங்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சாயங்காலம் அவளுடைய போனுக்கு மாப்பிள்ளையிடமிருந்து ஒரு லிங்க் வந்தது. தொட்டதும் ஒரு பக்கம் திறந்தது. மேலே கம்பெனி பேர், 'தரமே எங்கள் தாரக மந்திரம்'. பக்கவாட்டில் மெனு: எங்களைப் பற்றி, சேவைகள், தொடர்புக்கு. நடுவில் இப்படி இருந்தது:

'அன்புள்ள மனைவிக்கு. நடந்த தவறு: மாமியார் மறைவு (தவறுதலாக). மேற்படி தவறுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன். இனி இவ்வாறு நிகழாது. இப்படிக்கு, தங்கள் கணவர்.'

கீழே, மீண்டும் வருக.

நான் சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை. போனில் வேறு எதையோ தேடி எடுத்து என் கையில் கொடுத்தாள். அதே பக்கம், அதே மெனு. 'நடந்த தவறு: பால் வாங்க மறந்தது.' இன்னொன்று. 'நடந்த தவறு: கொசுவலையில் ஓட்டை.' கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடந்திருக்கிறது. கடைசியாக ஒன்றைக் காட்டினாள். குழந்தை பிறந்த அன்று வந்தது.

'அன்புள்ள மனைவிக்கு. கிடைத்த செய்தி: பெண் குழந்தை. மேற்படி செய்திக்கு மனப்பூர்வமாக மகிழ்கிறேன். இனி இவ்வாறு நிகழாது. இப்படிக்கு, தங்கள் கணவர்.'

அந்த ஒரு வரியை மாற்ற மறந்திருக்கிறார். மறந்ததுதான், வேறு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. தங்கைக்கும் தெரிகிறது. ஆனாலும் மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாமல் அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"வலியில துடிச்சுப் பெத்துட்டு அதப் படிச்சேன்ணே. பக்கத்துக் கட்டில்காரி புருஷன் அவ தலையத் தடவிக்கிட்டு நிக்கான். எனக்கு 'சேவைகள், தொடர்புக்கு'ன்னு வருது. அந்தத் தொடர்புக்குங்கறத ஒருநாள் தொட்டேன். ஆபீஸ் நம்பரு வருது." சொல்லும்போதே அழுதாள். "எனக்குன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. வேற யாருக்கும் சொல்லாத வார்த்தை, ஒண்ணே ஒண்ணு. பொறவு வாரேன். இல்லேன்னா நானும் எம்பிள்ளையும் இங்கனயே இருந்துக்கிடுறோம். ஞாயித்துக்கெழமை அவுக அம்மா அப்பா வந்தாலும் நான் வரலை."

இவள் சொன்னால் சொன்னதுதான். சின்ன வயசில் ஒரு ரிப்பனுக்காக இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்தவள்.

புதன்கிழமை வேலை முடிந்து மாப்பிள்ளையின் ஆபீஸுக்குப் போனேன். நடந்ததை அப்படியே சொன்னேன். குழந்தை பிறந்த அன்று அனுப்பியதைக் காட்டினேன். படித்தார். திரும்பவும் படித்தார்.

"அந்த வரி தாய்ப்பக்கத்துல இருந்து வந்திருக்கு மச்சான்" என்றார் மெதுவாக.

"தாய்ப்பக்கத்தத் தூக்கிக் குப்பையில போடுங்க மாப்பிள்ளை. அவகிட்ட நேரா நாலு வார்த்தை பேசுங்க."

"அவ வராம இருந்துருவாளா?"

"இருந்துருவா."

கீபோர்டில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வேற யாருக்கும் சொல்லாத வார்த்தைன்னா, அத ஒரு தடவைதான பயன்படுத்த முடியும்?" என்று கேட்டார்.

"ஆமா."

"பொறவு அத எங்க வைக்கறது?"

என் வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் இரண்டு குடும்பமும் இன்றுவரை பேசியிருக்காது. ஒரே முழுங்காக முழுங்கிவிட்டுக் கீழே இறங்கினேன். உரக்கடை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது மாடி ஜன்னலில் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை ஒரு லிங்க் வந்தது. வெள்ளிக்கிழமை இன்னொன்று. வெள்ளிக்கிழமை வந்ததில் தவறுகளுக்கு வரிசை எண் போட்டிருந்தது. தங்கை இரண்டு வரி பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். சனிக்கிழமை எதுவும் வரவில்லை. சம்பந்திகள் பழத்தட்டோடு வந்து உட்கார்ந்த பிறகு இவள் மாட்டேன் என்று சொன்னால், அது நாலு பேர் வாயில் விழுந்துவிடும். பிறகு சேர்த்துவைப்பது லேசில்லை. அன்று சாயங்காலம் நானே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, உங்கள் அப்பா அம்மா பத்து மணிக்குக் காரில் வரட்டும், நீங்கள் முன்னாலேயே தனியாக வாருங்கள் என்று சொன்னேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். தோளில் மடிக்கணினிப் பை. தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மாப்பிள்ளை மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மாதான் ஆரம்பித்தாள். "மாப்பிள்ளை, முதல்ல என்னைய அதுலருந்து எடுங்க. என் கண்ணு முன்னால எடுங்க."

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, அம்மா பார்க்கப் பார்க்க எடுத்தார்.

"எடுத்துட்டு யார வச்சீக?"

"யாரையும் வைக்கலை அத்தை. இனிமே படம் குடுக்காட்டி பக்கமே தெறக்காது."

அம்மா கொஞ்சம் ஏமாந்த மாதிரிதான் எழுந்து இட்லி ஊற்றப் போனாள்.

உள்ளே குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. என்ன செய்தும் நிற்கவில்லை போலிருக்கிறது. தங்கை வெளியே வந்து, பேசாமல், குழந்தையை அவர் கையில் வைத்தாள். அவர் கொதிக்கிற சட்டியை வாங்கியவர் மாதிரி வாங்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் நடந்தார். அழுகை கொஞ்சம் தணிந்தது.

"நெசமாவே அம்மா படத்த எடுத்தாகளாண்ணே?"

"நான் பாத்தேன்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. திறந்திருந்த மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள். இடது ஓரத்தில் கோப்புகளின் பேர்கள் வரிசையாக இருந்தன. கடைசியில் அவளுக்கு அனுப்பிய கடிதங்கள். கடைசிக் கடிதத்தைத் தொட்டாள். எனக்கு ஒன்றும் புரியாத நீலமும் பச்சையுமான எழுத்துகள். நடுவில், வெளிறிய சாம்பல் நிறத்தில், தமிழில் வரிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் சாய்வாக இரண்டு கோடு. நான் குனிந்து படித்தேன்.

// பிள்ளை பிறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்லயே நாலு மணி நேரம் நின்னேன். உள்ள வரப் பயமா இருந்துச்சு.

// பிள்ளையத் தூக்கத் தெரியலை. யார்கிட்ட கேக்கறதுன்னும் தெரியலை.

// தெனமும் ரெண்டு தட்டு எடுத்து வைக்கேன். ஒண்ணத் திருப்பி உள்ள வைக்கேன்.

அதற்குக் கீழேயும் போய்க்கொண்டே இருந்தது. தங்கை என் கையைப் பிடித்துத் தள்ளினாள். "நீ போண்ணே" என்றாள். நான் தள்ளிப் போய் நின்றேன். மீதியை அவள்தான் படித்தாள். பழைய கடிதங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பால் வாங்க மறந்த கடிதத்திலும் சாம்பல் வரிகள் இருந்தன போலும். அதில் ரொம்ப நேரம் நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை குழந்தையோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

"இது என்னது?" என்றாள் தங்கை.

"அது பக்கத்துல வராது. முன்னால ரெண்டு கோடு போட்டுட்டா மெஷின் அதப் படிக்காது."

"எதுக்குக் கோடு போட்டீக?"

அவர் யோசித்தார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்ற கவலை முகம் முழுக்க இருந்தது.

"வேற எங்கயும் பயன்படாது" என்றார். "ஒனக்கு மட்டுந்தான் ஆகும்."

தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலில் அம்மா கரண்டியோடு நின்றாள்.

தங்கை எழுந்து அவர் பக்கத்தில் போனாள். "பிள்ளைய இப்படித் தூக்கக் கூடாது" என்று சொல்லி, அவருடைய வலது கையைப் பிடித்துக் குழந்தையின் பிடரிக்குக் கீழே வைத்தாள். இடது கையை எடுத்து முதுகுக்குக் கொடுத்தாள். பிறகு, கையை எடுக்காமலே, "எம்மா, எங்க துணிப்பையக் கட்டு" என்றாள்.

பத்து மணிக்குச் சம்பந்தி வீட்டார் ஐந்து பழத்தட்டோடு காரில் வந்து இறங்கியபோது மூன்று பேரும் ஒன்பதரை பஸ்ஸில் போயிருந்தார்கள். அழைத்துப்போக வந்தவர்களை உட்காரவைத்து, பெண் ஏற்கெனவே போய்விட்டாள் என்று சொல்ல வேண்டிய வேலை என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா நம்பாமல் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"வரமாட்டேன்னு நின்னுச்சுன்னு கேள்விப்பட்டோமே. அவன் அப்படி என்னத்தச் சொல்லிக் கூட்டிட்டுப் போனான்?" என்று கேட்டார்.

"தெரியலை மாமா. நீங்க இட்லி சாப்பிடுங்க" என்றேன்.